சேராத முன்பாதி

பல் ஆஸ்பத்திரியில் ஊசி களவு போகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தேதி முடிந்துபோன ஒரு பெட்டி ஊசியைத் திருப்பி அனுப்புவதற்காக அலமாரியில் எடுத்து வைத்திருந்தேன். பெட்டி இருந்தது. ஊசி பாதிதான் இருந்தது.

பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாகப் பல் டாக்டராக இருக்கிறேன். விஜயஸ்ரீ டாக்டருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஒரு வாத்தியாரம்மாவின் பல் கேப் வேறு இரண்டு நாள் தாமதம். ஏன் என்று கேட்கப் பின்பக்க லேப்புக்குள் போனேன். அங்கே பல் செய்கிற ஆபிதா மாடிக்குத் தொழுகைக்குப் போயிருந்தாள். அவள் மேசையில் ஒரு ஸ்டீல் தட்டு கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன்.

உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு என்ஜின் இருந்தது.

பக்கத்துக்கு நான்காக எட்டுப் புகைக்குழாய்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. பெட்ரோல் போகிற மெல்லிய குழாய்கள் எல்லாம் என்னுடைய ஊசிகள். பொறி கொண்டுபோகும் வயர்கள், பல் பிடுங்கிய புண்ணைத் தைக்க நான் வைத்திருக்கும் கறுப்புப் பட்டு நூல். ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் அறுகோணம் இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். திட்ட வந்தவளுக்கு வாய் அடைத்துவிட்டது. என் லேப்பில், என் மூக்குக்குக் கீழே, எனக்குத் தெரியாமல் இதை ஒருத்தி செய்துகொண்டிருக்கிறாள்!

"என்னட்டி இது?" என்றேன், அவள் படியிறங்கி வந்ததும்.

"மச்சான் வண்டி, டாக்டர்," என்றாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. "வாத்தியாரம்மா கேப் அந்தால ரெடியா இருக்கு. நேத்தே முடிச்சிட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் மறந்துட்டேன்."

ஆபிதா பீவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலப்பாளையத்துக்காரி, வயது முப்பத்து மூன்று. பல் செட், கேப், கம்பி எல்லாம் செய்கிற டென்டல் மெக்கானிக்காக எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறாள். வாய்க்குள் பார்ப்பது நான், பல்லைச் செய்வது அவள். நோயாளிகள் என்னைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

அவள் கண் எப்பேர்ப்பட்டது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். சீவலப்பேரியில் இருந்து வந்த ஒரு பெரியவருக்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டுக்கும் அளவு எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அச்சுகளோடு திரும்பி வந்தாள்.

"டாக்டர், இது ரெண்டு பேரு வாயி."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நானே எடுத்த அளவு, எனக்குத் தெரியாதா?

"கடி சேரல டாக்டர். இந்த மேல்பல்லு இந்தக் கீழ்ப்பல்லப் பாத்ததே இல்ல."

கத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் தேடினால், ஆழ்வார்திருநகரி அம்மாள் ஒருவருடைய கீழ்த்தாடை அச்சு அந்தப் பெரியவர் பெயரில் போயிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். எனக்கு வந்த அதிர்ச்சியில் அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

சரி, மச்சான் வண்டி. அவள் கணவன் சுஹைல் இங்கே பேட்டையில் கேட், கிரில் செய்கிற பட்டறையில் வெல்டராக இருந்தவன். ஐந்து வருடத்துக்கு முன் வளைகுடாவுக்குப் போனான். எந்த நாடு என்று எழுதவேண்டாம் என்று ஆபிதா கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை. அங்கே கார்ப் பந்தயம் நடத்துகிற ஒரு குழுவில் வேலை கிடைத்தது. டிராக்ஸ்டர் என்று ஒரு வண்டியாம். பின்னால் ஆள் இடுப்புயரத்துக்கு இரண்டு சக்கரம், முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லியாக இரண்டு, நடுவில் இருபதடிக்கும் மேல் வெறும் குழாய்க்கூடு. நேர்கோட்டில் ஏழெட்டு விநாடி பறந்துவிட்டு, வேகம் குறைந்து நிற்க வால்பக்கம் பாராசூட் விரிக்குமாம். அந்தக் குழாய்க்கூட்டைப் பற்றவைப்பதுதான் சுஹைலின் வேலை.

இதை அவள் தகப்பனார் நம்பவில்லை. அசன் மைதீனுக்கு மேலப்பாளையம் பஜாரில் கைலிக் கடை. கிரில் கேட் செய்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்ததே அவருக்கு ஆறாத மனக்குறை. ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் நாற்பது பேர் இருக்கும்போது சொல்லிவிட்டார்.

"அரபி பந்தய வண்டிய இவன் கையில குடுப்பானா வே? கார் கழுவுதான். அதச் சொல்ல வெக்கப்பட்டுட்டு வெல்டருங்கான்."

ஆபிதா போனில் இருந்த படங்களைக் காட்டியிருக்கிறாள். "போன்ல ஆயிரம் படம் கெடக்கு" என்று தள்ளிவிட்டார். அவள் சோற்றில் இருந்து எழுந்துவிட்டாள். "அவுக வெல்டர்தான்னு உங்க வாயால நீங்க ஒத்துக்கிடுத அன்னைக்குத்தான் உங்க வீட்டுப் படி ஏறுவேன் வாப்பா" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். நான்கு வருடம் ஓடிவிட்டது. வருடா வருடம் இரண்டு பெருநாளும் அவளுக்கு வாடகை வீட்டிலேயே கழிந்தது. தகப்பன் வீடு அடுத்த தெருவில். இரண்டு பேருக்கும் ஒரே அழுத்தம், யார் யாருக்குச் சளைத்தவர்?

"படத்த நம்பமாட்டாங்க. கையில குடுத்தா? ஒவ்வொரு வெல்டிங்கும் எங்கன இருக்குன்னு விரல் வச்சுக் காட்டுனா?" என்று கேட்டாள் என்னிடம். அதற்காகத்தான் அந்த வண்டி.

திட்டமிட்டபடி நான் திட்டினேன். பிறகு என்ன செய்தேன் என்றால், மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவோடு லேப்பில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

பதினாறில் ஒரு பங்கு அளவு. முழு வண்டி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கடையில் வாங்கிய பாகம் ஒன்றுகூட இல்லை. பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் எஃகுக் கம்பியில் கூடு. மூட்டுக்கு மூட்டு வெள்ளிப் பற்றாசு வைத்து, ஊதுகுழாயால் சூடுகாட்டி இணைப்பாள். மெழுகில் செதுக்கி அக்ரிலிக்கில் வார்த்தது என்ஜின். அளவெடுக்கும் ரப்பரில் கரிப்பொடி பிசைந்து டயர். ஓட்டுகிறவன் உட்காரும் தொட்டியின் தகட்டுக்கு, பல் கிளிப் செய்யும் பிளாஸ்டிக் தாளை இளக்கி இழுத்தாள். நகப்பூச்சில் நீலம். ஏழு கோட்டிங், ஒவ்வொன்றும் காய்ந்து தேய்த்த பிறகு அடுத்தது.

அளவுக்கு என்ன செய்தாள்? அதைக் கேட்டபோதும் அசந்துபோனேன். சுஹைல் வலது கையில் போனைப் பிடித்து, இடது கையை அந்தந்தப் பாகத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவான். அவன் இடது கை இவளிடம் இருந்தது. போன முறை லீவில் வந்தபோது, விளையாட்டாக, பல் அளவெடுக்கும் அச்சுமாவில் அவன் கையை அமிழ்த்தி, பிளாஸ்டரில் வார்த்து வைத்திருக்கிறாள். ரேகை முதற்கொண்டு விழுந்த வெள்ளைக் கை. சுட்டுவிரல் கணுவை வெர்னியர் அளவுகோலில் அளப்பாள், படத்தில் அதே கணுவை அளப்பாள், குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டுவிடுவாள். அவனிடம் வாயைத் திறந்து ஓர் அளவு கேட்டதில்லை. கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடுமே. முடித்து வைத்துவிட்டுச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேலை செய்கிற இடத்தைப் பார்க்க ஆசை என்று மட்டும் சொல்லிப் படம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

பின்பாதி தை மாதமே முடிந்துவிட்டது. என்ஜின், பெரிய சக்கரங்கள், ஆளைக் காக்கும் வளைகூண்டு எல்லாம். முன்பாதிக்குப் படம் வரத் தாமதமானது. ஒரு மாதம் ஒன்றுமே வரவில்லை. வேலை அதிகம் என்றான். பிறகு வந்த படங்களில் கை இல்லை. பாகத்தின் பக்கத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனா கிடந்தது.

"ஏன் மச்சான் கைய வைக்கல?" என்று எழுதிக் கேட்டாள்.

"கையெல்லாம் கிரீசு" என்று பதில் வந்தது.

அதே பேனாவை இங்கே கடையில் வாங்கி அளந்துகொண்டாள். முன்பாதியைச் செய்து முடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தயிர்ச்சோறும் நார்த்தங்காயுமாக நான் உட்கார்ந்திருக்க, இரண்டு பாதியையும் எடுத்து மூட்டுக்கு நேராக வைத்தாள். பார்த்தாள். திரும்ப எடுத்து வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"டாக்டர், கடி சேரல."

பின்பாதியின் இரண்டு நீளக் கம்பிகளுக்கும் நடுவே இருபத்தாறு மில்லிமீட்டர். முன்பாதியில் இருபத்து மூன்று. நான் "தேய்ச்சுச் சரிபண்ணு" என்றேன். அவள் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. போனை எடுத்துப் பழைய படம் ஒன்றைத் தேடினாள். தூரத்தில் நின்று முழு வண்டியையும் எடுத்தது. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். முன்பாதியில் ஏழு குறுக்குக் கம்பி. புதுப் படங்களில் எட்டு.

"இது ரெண்டு வண்டி," என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரலை ஒருமுறை நம்பாமல் போய் மூக்குடைபட்டவள் நான். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன். இரண்டு வண்டி என்றால் என்ன அர்த்தம்? சொந்தமாகப் பற்றவைக்கிறவன் எதற்காக இரண்டு வண்டியின் படத்தைக் கலந்து ஒரே வண்டி என்று அனுப்பவேண்டும்? கிடைத்த வண்டியை எல்லாம் படம் பிடித்து அனுப்புகிறவன்தான் அனுப்புவான். மைதானத்தில் வாளியும் துணியுமாகத் திரிகிறவனுக்கு எல்லா வண்டியும் கைக்கெட்டும்.

நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கும் அதேதான் ஓடியது என்பது முகத்தில் தெரிந்தது. நான்கு வருடமாக ஒரு வீட்டுப் படி மிதிக்காமல் இருந்தது எதற்காக? தகப்பன் சொன்னது நிஜமா?

"நேரா கேட்டுரு," என்றேன். நாக்கு நீளம் எனக்கு. கொஞ்சம் பொறு, ஆற அமர யோசி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அங்கேயே போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டது என்னைச் சாட்சி வைக்கவா என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து போயிருக்கவேண்டும், போகவில்லை.

"மச்சான், நீங்க அனுப்புனது எத்தன வண்டி?"

"என்ன புள்ள கேக்க? ஒரு வண்டிதான்."

"பொய் சொல்லாதிய. முன்ன ஏழு கம்பி, இப்ப எட்டுக் கம்பி. அளந்துட்டேன். வாப்பா சொன்னது நெசமா? கார்தான் கழுவுதியளா?"

மறுபடி கேட்டாள். இந்த முறை கத்திக் கேட்டாள். எட்டு வருடத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை.

போன் அணைந்தது. உடனே திரும்ப அடித்தது. இந்த முறை முகம் தெரிகிற அழைப்பு. ஆபிதா எடுத்தாள். முகம் தெரியவில்லை. திரை முழுக்க ஒரு கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. அடிக்கணுவோடு முடிந்து, தையல் போட்ட இடம் பளபளவென்று இருந்தது.

நான் எத்தனையோ வாய்களைக் கிழித்துத் தைத்தவள். அன்றைக்குத் திரையில் இருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டேன். மேசை மேல் அதே இடது கை, ஐந்து விரலோடு, பிளாஸ்டரில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்று மட்டும்தான் வந்தது அவளிடமிருந்து.

சுஹைல் பேசினான். வண்டி ஏற்றிவரும் டிரெய்லரில் இருந்து அதை இறக்கும்போது சங்கிலி அறுந்திருக்கிறது. வண்டியின் மூக்கு தரையில் வந்து மோதியது. கீழே இவன் கை. வண்டியின் முன்பாதி நெளிந்து போனதால் அதை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்து பின்பாதியோடு சேர்த்தார்களாம். அந்த வண்டிகளுக்கு அது வழக்கம்தானாம். புது முன்பாதியைப் பற்றவைத்தது வேறு ஆள். ஒரு கையில் நெருப்பைப் பிடித்தால் மறு கையால் கம்பியை ஊட்டவேண்டும். ஊட்டுகிற கை இவனுக்கு இல்லை.

"ஊருக்கு அனுப்பிருவோம்னாங்க. கெஞ்சி இருந்துட்டேன். நீ கேட்டியே... ஆமா புள்ள. மூணு மாசமா கார்தான் கழுவுதேன். மாமா சொன்னது பலிச்சிட்டு."

அவள் அழவில்லை. "வலிக்கா மச்சான்?" என்று கேட்டாள். "இல்ல" என்றான். "ஊருக்கு வந்துருங்க" என்றாள். "வாரேன், பைய வாரேன். மாமாகிட்ட மட்டும் சொல்லிராத. அந்த ஒண்ணு மட்டும்" என்றான். சரி என்று தலையாட்டினாள். நான் என் நாக்கை மனதுக்குள் எத்தனை திட்டு திட்டினேன் என்று கணக்கில்லை.

மறுநாள் வேலைக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வந்திருந்தாள். இரண்டு பாதியையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். முன்பாதிக் கம்பிகளின் நுனியைக் கொஞ்சம் அகட்டி, மூட்டில் சின்னக் குழாய் உறை போட்டு, அங்கே அவர்கள் சேர்த்த மாதிரியே சேர்த்தாள். மூட்டின் மேல் பற்றாசு தடிப்பாக, வரிவரியாக நின்றது. மற்ற இடமெல்லாம் நீலம் அடித்தவள், அந்த இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டாள்.

"இதையும் மூடிட்டா என்ன? அசிங்கமா தெரியுதே," என்றேன்.

"இது வரைக்கும் அவுக பத்தவச்சது டாக்டர். இதுக்கு அந்தப் பக்கம் வேற ஆளு. அது தெரியணும்லா," என்றாள்.

பதினைந்து நாள் கழித்து அசன் மைதீன் வந்தார். மகள் வீட்டு வாசலை மிதிக்காதவர், பல் செட்டுக்கு மட்டும் என்னிடம்தான் வருவார். "உங்க கைராசி டாக்டரம்மா" என்பார். பல் செய்வது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்குப் புது செட் மாட்டுகிற நாள். மாட்டிவிட்டு, வாய் பழக அறுபதில் இருந்து எழுபது வரை எண்ணச் சொன்னேன். "அழுவத்தொண்ணு, அழுவத்தெரண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். ஆபிதா வண்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

வந்து அவர் மடியில் வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்தார். துணிக் கடைக்காரர் இல்லையா, நெசவு பார்க்கிற மாதிரிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். சாயம் அடிக்காத இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன?"

சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சொல்லமாட்டேன் என்று புருஷனிடம் தலையாட்டியிருக்கிறாள். சொன்னால் நான்கு வருட வைராக்கியம் மண்ணாகிவிடும். ஆனால் இல்லாத ஒன்றை இருப்பதாகச் செய்ய அந்தக் கைக்குத் தெரியாது.

"பின்னால உள்ளதெல்லாம் அவுக வெல்டிங் வாப்பா. முன்னால உள்ளது அவுக இல்ல. வண்டி விழுந்து கையில மூணு விரலு போயிட்டு. இப்ப நீங்க சொன்ன வேலதான் பாக்காங்க. கார்தான் கழுவுதாங்க."

வண்டியை நான் வாங்கிக்கொள்ளப் போனேன், அவர் தரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். புதுப் பல்லின் குற்றம் என்று நினைத்து ஒரு கணம் கண்ணாடியை எடுக்கப் போனேன். அந்த மனிதருக்குப் பேச்சு நின்றுபோயிருக்கிறது என்று எனக்குப் புரிய நேரமாகிவிட்டது.

"போன் போட்டுத் தா," என்றார் கடைசியில்.

"வாப்பா, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு..."

"போடு."

போட்டுக் கொடுத்தாள். மாமனார் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் சுஹைல் பதறிப்போனான். ஐந்து வருடத்தில் அவர் பேசுவது அதுதான் முதல் தடவை. ஸலாம் சொன்னான். உடம்பு எப்படி இருக்கு, கடை எப்படிப் போவுது என்று மூச்சு விடாமல் கேட்டான். பிறகு அவனாகவே, அவர் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, அவசர அவசரமாகச் சொன்னான்.

"வேலையெல்லாம் நல்லா போவுது மாமா. நிறைய வெல்டிங். நம்ம வண்டிக்கு முன்பாதி புதுசு போட்டோம். முழுசும் நான்தான் பத்தவச்சேன் மாமா."

ஆபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அசன் மைதீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் இப்போது என்ன சொல்லிவிடுவாரோ? நாற்பது பேர் நடுவில் சொன்னவர். சொல்வதற்கு இப்போது முழு நியாயமும் கையில் இருக்கிறது.

அவர் மடியில் இருந்த வண்டியைப் பார்த்தார். சாயமில்லாத அந்த மூட்டைத் தடவினார்.

"பாத்தேன் மாப்ள," என்றார், புதுப் பல்லில் தடுக்கித் தடுக்கி. "நல்ல வெல்டிங். நீங்க வெல்டர்தான்னு கடையில எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."